சீரகம் தூக்கலா இருக்கு, மாப்ளே

அந்த வீட்டு மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பீன்ஸ் புரிட்டோ. சிவப்பு பீன்ஸ் கொட்டையை ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, மெல்லிய கோதுமை ரொட்டியில் பரப்பி, இரண்டு முனையையும் உள்ளே தள்ளிச் சுருட்டிவிட்டால் ஆச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒற்றை அறையில் ஒற்றை அடுப்போடு குப்பை கொட்டிய காலத்தில் கற்றுக்கொண்டது. அதைச் சமையல் என்று ஒத்துக்கொள்ள அவன் பெண்டாட்டி இன்றுவரை தயாராக இல்லை. "பீன்ஸுக்குப் போர்வை போத்தித் தூங்க வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்" என்பாள்.

அவள் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கான தனிப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். வருஷக்கணக்காக மனுப் போட்டுக் கிடைத்த இடம். பாதியில் விட்டு வந்தால் மறுபடி கூப்பிட மாட்டோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயம் பார்த்துத்தானா அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் வரவேண்டும்? படுத்து எழுந்து, நாலு நாள் பேக்கரிக்குப் போய்விட்டு, முட்டி வலி என்று வேலையையும் விட்டுவிட்ட மனிதரைத் தனியாக விட மனசு வராமல் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, புருஷனின் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பாவைப் பாத்துக்குங்க. அவர் இளைச்சுப்போனார்னு தெரிஞ்சா நான் அங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். போட்டது போட்டபடி வந்துருவேன்."

சொன்னால் செய்கிற ரகம் அவள். மாப்பிள்ளை தலையாட்டினான்.

மாமனார் பேக்கரிக்காரர். ஆயுசு முழுக்க ஓவன் முன்னால் நின்றவர். பன் வெந்துவிட்டதா என்று பார்க்கக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார், மூக்கை லேசாகத் தூக்குவார், அவ்வளவுதான். அந்த மூக்குக்கு நிகராக ஒரு வாயும் இருந்தது. மாவு பிசைகிறவரைத் திட்டுவார், சர்க்கரை கொண்டுவருகிறவரைத் திட்டுவார், பெற்ற மகளைத் திட்டித் திட்டியே நர்ஸ் ஆக்கினார். வேடிக்கை என்னவென்றால் திட்டு வாங்கியவர்கள் ஒருத்தர்கூட அவரை விட்டுப் போனதில்லை. அவர் ஒருவரைத் திட்டினார் என்றால் அந்த ஆள் அவருடைய ஆள் என்று அர்த்தம்.

மாப்பிள்ளையை மட்டும் அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. "வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே, நீங்க சொன்னா சரிதான் மாப்ளே." கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அவன் உட்காருகிற நாற்காலியைத் தோள் துண்டால் ஒரு தட்டுத் தட்டித்தான் போடுவார். அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவன் அவன். இந்த மரியாதையில் அவனுக்கு உள்ளூர ஒரு வருத்தம், நம்மை விருந்தாளியாகவே வைத்திருக்கிறாரே என்று. வெளியே சொல்ல முடியுமா? மாமனார் ரொம்ப மரியாதை கொடுக்கிறார் என்று எவனாவது புகார் சொன்னால் கேட்கிறவன் சிரிக்க மாட்டானா?

முதல் நாள் அவன் செய்த புரிட்டோவைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே நல்லது. பீன்ஸை வேகவைத்து, தண்ணீரைச் சிங்க்கில் கொட்டி, உப்புப் போட்டுச் சுருட்டிவிட்டான். அவனுக்கே தொண்டையில் இறங்கவில்லை. பெரியவர் முழுசாகச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம் மாப்ளே" என்றார்.

சாயங்காலம் பெண்டாட்டி போனில் கேட்டாள்.

"அப்பா சாப்பிட்டாரா? என்ன சொன்னார்?"

"பிரமாதம்னார்."

லைன் போய்விட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"எங்கப்பாவா?" என்றாள் அவள். "எங்கப்பா பிரமாதம்னாரா? எங்கம்மா இருந்தப்ப அவங்க சமையலையே அவர் 'தேவலை'ன்னுதான் சொல்வார், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை."

"மாப்பிள்ளை சமைச்சா அப்படித்தான்" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மடையன்.

அந்தப் பெருமை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒரு நாள் காலை பெரியவர் பால்கனியில் உட்கார்ந்து ஆணியை வைத்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே போட்டிருந்த புது ஓட்டைக்குப் பக்கத்தில். கன்னத்தைப் பார்த்தால் உள்ளே போயிருந்தது. சட்டை அவர் மேல் போட்ட மாதிரி இல்லை, கொடியில் போட்ட மாதிரி இருந்தது. சரிதான், மரியாதைக்காகத் தின்கிறார் மனுஷன். இந்த உப்புச் சப்பில்லாத சோற்றை வேறு யார் போட்டிருந்தாலும் தட்டை விசிறியடித்திருப்பார். ருசியாகப் போட்டால்தான் உடம்பு தேறும். உடம்பு தேறாவிட்டால் அவள் வந்து நிற்பாள், அவள் பயிற்சி மண்ணாகப் போகும். எப்பாடு பட்டாவது இந்தப் புரிட்டோவுக்கு ருசி கொண்டுவந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினான்.

அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி இறங்குகிறவன். பழுது சரி செய்தபின் லிஃப்டை ஓட்டிப் பார்க்கும்போது யாராவது கூட ஏறுவார்கள். மேலேயிருந்து தரைக்கு வருகிறவரை அவர்கள் எங்கே ஓட முடியும்? கதவு சாத்தியதும் ஆரம்பித்துவிடுவான். "ஏங்க, பீன்ஸ் வேகவச்சா சப்புன்னு இருக்கே, என்ன பண்ணலாம்?" முதலில் மிரண்டார்கள். பிறகு சொன்னார்கள். சமையலைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காத மனிதர் உண்டா? பூண்டை நசுக்காதே, முழுப் பல்லாகச் சுட்டுப் போடு என்றார் ஒரு வக்கீல். தக்காளியை நெருப்பில் வாட்டித் தோலை உரித்துப் போடச் சொன்னாள் ஒரு பாட்டு டீச்சர். துளி காபித்தூள் போட்டால் பீன்ஸுக்கு ஒரு கனம் வரும் என்று ஒருவர் காதோடு காதாக, வீட்டு ரகசியத்தை வெளியிடுகிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப்போனார். வாட்ச்மேன் எல்லாவற்றையும் ஒரே போடாகப் போட்டார். "சீஸ் போடுங்க சார். சீஸ் போட்டா செருப்பு கூட ருசிக்கும்."

எல்லாருக்கும் மேலே கம்பெனி கேன்டீன் அக்கா. அவன் செய்முறையைச் சொல்லச் சொல்ல அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னது, தண்ணியைக் கொட்டுறியா? ஐயோ பாவி! ருசி பூராவும் அந்தத் தண்ணியிலதானே இருக்கு! அதை எடுத்து வச்சு, பாதி பீன்ஸை மசிச்சு, அந்தத் தண்ணியை விட்டுக் கொதிக்க விடு. பாதி முழுசா கிடக்கட்டும், பல்லுக்கு வேலை வேணும்ல. வெங்காயத்தை அவசரப்படாம வதக்கு, செவக்கணும், வெளுப்பா இறக்குனேன்னா என்கிட்ட வராதே. சீரகத்தை வெறும் சட்டியில வறுத்துப் பொடி பண்ணு. எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைச்சப்புறம் பிழி, கொதிக்கும்போது பிழிஞ்சா கசந்துரும். சுருட்டுனப்புறம் அப்படியே தட்டுல வைக்காதே. மடிப்புப் பக்கம் கீழ இருக்கற மாதிரி காஞ்ச கல்லுல வச்சு, ரெண்டு பக்கமும் செவக்க விட்டு எடு. அப்பத்தான் அது சாப்பாடு. இல்லேன்னா பொட்டலம்."

அவள் சொன்னபடியே செய்தான். அட, என்ன வாசனை! பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவனே தன் கையை மோந்து பார்த்துக்கொண்டான். பெரியவர் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம் மாப்ளே."

சுட்ட பூண்டு போட்ட அன்றும் பிரமாதம். தக்காளி வாட்டிப் போட்ட அன்றும் பிரமாதம். காபித்தூள் கொஞ்சம் கை மீறி விழுந்து, அவனுக்கே முகம் கோணிப்போன அன்றும் அதே பிரமாதம், அதே சுருதியில்.

லிஃப்ட் வேலையில் ஒரு பாடம் உண்டு. பழுது இருந்தால் பெட்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். லிஃப்ட் ஓடவில்லை, ஆனால் விளக்கும் எரியவில்லை என்றால், பழுது இல்லை என்று அர்த்தமல்ல, விளக்கே போய்விட்டது என்று அர்த்தம். அனுபவப்பட்டவன் முதலில் அதைத்தான் கழற்றிப் பார்ப்பான். மாப்பிள்ளையும் அனுபவப்பட்டவன்தான். ஆனால் வேலையில் பளிச்சென்று எரிகிற புத்தி வீட்டில் எரிவதில்லை, என்ன செய்ய.

அது எரிந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அன்று காலை முழுக்க லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து, பழைய கிரீஸைக் கழுவுகிற திரவத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தான். அதன் நெடியில் மூக்கு மரத்துப்போயிருந்தது. பெரியவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார், அடுப்படிக்கு முதுகைக் காட்டி. அதுதான் அவர் இடம்.

"மாமா, இன்னைக்குச் சீரகம் கொஞ்சம் தாராளமா போடுறேன்" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தான்.

"போடுங்க மாப்ளே, போடுங்க."

அலமாரியில் கைவிட்டு பாட்டிலை எடுத்து, தாராளமாகவே போட்டான். கிளறினான், சுருட்டினான், கல்லில் சிவக்க விட்டான். பெரியவர் தட்டில் ஒன்று வைத்துவிட்டு, கை கால் முகம் கழுவி, மூக்கையும் நன்றாகச் சிந்திவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு வாய் கடித்தான்.

கடித்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பட்டை. சீரகமில்லை, பட்டைத் தூள். பெரியவர் பேக்கரியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பாட்டில். அதே மூடி, அதே பழுப்பு. பூண்டும் வெங்காயமும் மிளகாயும் போட்ட பீன்ஸில் கரண்டி கரண்டியாகப் பட்டை!

நிமிர்ந்து பார்த்தான். பெரியவர் பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தார். அவன் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தை மலர்த்திக்கொண்டார்.

"சீரகம் தூக்கலா இருக்கு, மாப்ளே. அருமை. இதுதான் இதுவரைக்கும் செஞ்சதுலயே பெஸ்ட்டு."

பட்டை போட்ட பன்னுக்காகவே அவர் பேக்கரி வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்களாம். பட்டையை அரைக்கும்போதே, இது பழசு, இது புதுசு என்று அடுத்த அறையிலிருந்து சொல்கிற மூக்காம் அது. பெண்டாட்டி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

"மாமா" என்றான் மெதுவாக. "இது சீரகமில்ல. கை மாறிப் போட்டுட்டேன். பட்டை."

பெரியவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். கையில் இருந்த புரிட்டோவைத் தட்டில் வைத்தார். அது உருளாமல் இருக்க விரலால் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"பட்டையா" என்றார்.

"எப்பலேர்ந்து மாமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டுச்சு பாருங்க, அப்பலேர்ந்து. வாசனை சுத்தமா போச்சு. வாசனை போனா ருசியும் போச்சு. எதை வாயில போட்டாலும் ஈரத் துணியை மெல்லுற மாதிரிதான். முட்டி வலின்னு சொல்லி வேலையை விட்டேனில்ல? முட்டிக்கு ஒண்ணுமில்ல மாப்ளே. ஓவன்ல ஒரு தட்டு பூராவும் கரியாப் போச்சு. நான் அதுக்கு முன்னாலதான் நிக்கிறேன். பின்கட்டுல இருந்தவங்க மோந்து பாத்துட்டு ஓடி வர்றாங்க. நான் நிக்கிறேன், மரம் மாதிரி. எனக்குத் தெரியல." தோள் துண்டால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "யாரும் ஒண்ணும் சொல்லல. என்னை யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போறது?"

மாப்பிள்ளை எழுந்துபோய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமா."

"நீங்க வேலை விட்டு வந்து, உக்காரக்கூட இல்லாம அடுப்புல நிக்கிறீங்க. நானே பாக்குறேன், தினம் ஏதோ புதுசு புதுசா பண்றீங்க. அதைப் போய் ஒண்ணும் தெரியலன்னு எப்படிச் சொல்றது? மாப்பிள்ளை செஞ்சு போட்டதைக் குறை சொல்ற வாயா இது? நீங்க இருக்கும்போது சாப்பிட்டுருவேன். இல்லாதப்போ..." தலையைக் குனிந்துகொண்டார். "மத்தியானச் சாப்பாடு பாதி நாள் குப்பைக்கூடைக்குத்தான் போகும். மன்னிச்சுக்குங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஓடி வந்துருவா."

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? ராப்பகலாக வெங்காயம் வதக்கியவனாச்சே. ஆனால் அந்தக் கோபம் வந்த வேகத்திலேயே கரைந்து, நெஞ்சுக்குள் வேறு ஒன்றாக ஆகிவிட்டது. தட்டை நகர்த்தி வைத்தான்.

"சரி மாமா. எது தெரியலங்கறதை விடுங்க. எது தெரியுது?"

லிஃப்ட்காரன் கேள்வி அது. எது ஓடவில்லை என்று தேடுவதற்கு முன்னால் எது ஓடுகிறது என்று பார்க்கிறவன். பெரியவர் யோசித்தார். யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"சூடு தெரியுது. குளிர்ச்சி தெரியுது. மிளகாய் சுரீர்னு ஏறுது. புளிப்பு, நாக்கு ஓரத்துல கொஞ்சம் கிள்ளுற மாதிரி. அப்புறம்..." வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "மொறுமொறுன்னு இருந்தா காதுக்குக் கேக்குது."

"அது போதுமே" என்றான் மாப்பிள்ளை.

மறுநாளிலிருந்து அடுப்படியின் போக்கே மாறியது. டாக்டரிடமும் கூட்டிப் போனான். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம், தினம் காலையில் ஏற்கெனவே பழகிய பொருளாக நாலைந்தை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருங்கள் என்றார் அவர். எலுமிச்சைத் தோல், கிராம்பு, காபி, பட்டை என்று வரிசையாக வைத்து, பெரியவர் தினமும் பல் தேய்த்ததும் மோந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மூடி வைப்பார். மாப்பிள்ளை மூக்குக்கான ருசியை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டான். பீன்ஸ் நாக்கைச் சுடுகிற சூட்டில். அதன் மேல் ஐஸ் மாதிரிக் குளிர்ந்த தயிர். பச்சை முட்டைக்கோஸை நூலாக நறுக்கிக் கடைசி நிமிஷத்தில் போடுவான், கடிக்கும்போது நறுக்கென்று சத்தம் கேட்கும். வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுப் புளிக்கப் புளிக்க வைப்பான். வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துத் தூவுவான். வெளி ரொட்டியைக் கல்லில் வைத்து, தட்டினால் டொக்கென்று கேட்கிறவரை சிவக்க விடுவான்.

கூடவே ஒரு சட்டமும் போட்டான். "சாப்பிட்டு முடிச்சதும் ஒரு குறை சொல்லணும். சொன்னாத்தான் அடுத்த வேளை சாப்பாடு. பிரமாதங்கற வார்த்தை இந்த வீட்டுல இனிமே செல்லாது."

பெரியவருக்கு அதுதான் பீன்ஸை விடக் கஷ்டமாக இருந்தது. மாப்பிள்ளையை எப்படிக் குறை சொல்வது? முதல் நாள் நெளிந்து நெளிந்து, "தட்டு ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருக்கு மாப்ளே" என்றார். அடுத்த நாள் மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார். "அது சமையல் கணக்குல வராது, செல்லாது" என்று மாப்பிள்ளை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழிக்கு வந்தார். "தயிர் இன்னும் குளிரணுங்க." "முட்டைக்கோஸ் துவண்டுபோச்சுங்க, நேத்து நறுக்குனதா?" ஒரு நாள் சுருட்டியதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "தப்பா நினைச்சுக்காதீங்க, இது மடிப்பு இல்ல, மூட்டை" என்றார். அன்றைக்கு அவர் இன்னொன்று பாதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளை அடுப்படிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சத்தம் கேட்காமல் அழுதான். சந்தோஷத்தில்தான்.

ஆனால் பெண்டாட்டி போன் செய்கிறபோதெல்லாம் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அப்பா எப்படி இருக்கார்?" "நல்லா இருக்கார்." அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. கடைசியில் பெரியவரிடமே சொன்னான். "மாமா, அவ லீவுல வர்றா. நான் வாக்கு கொடுத்துட்டேன், சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும். உங்க வாயாலேயே சொல்லணும்." பெரியவர் கிராம்பு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூடினார்.

அவள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். பழைய ஓட்டைக்குப் பெல்ட் இன்னும் திரும்பவில்லை. கன்னம் கொஞ்சம்தான் மேலே வந்திருந்தது. நர்ஸ் கண்ணுக்கு அது தப்புமா? "என்னப்பா இது? ஏன் இப்படி ஆயிட்டீங்க?" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அவன் அடுப்படிக்குள் போய்விட்டான்.

கல்லைக் காயவைத்து, சுருட்டியதை மடிப்புப் பக்கம் கீழாக வைத்தான். காது மட்டும் வெளியே இருந்தது. பெரியவர் தன் வழக்கமான இடத்தில், அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தார். சொன்னார். காய்ச்சல், மூக்கு, கரியாகிப்போன தட்டு, குப்பைக்கூடைக்குப் போன சாப்பாடு, பட்டை, ஒன்று விடாமல். மாப்பிள்ளை அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டான். அவள் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, குரலே மாறிப்போய்ச் சொன்னாள்.

"நான் திரும்பிப் போகலப்பா. பயிற்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கே எழுதிக் கொடுத்துடுறேன்."

"அதெல்லாம் பேசாதே. மாப்பிள்ளை என்னைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கறார். சொந்த மகன் இருந்தாக்கூட இப்படி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

மாப்பிள்ளைக்குக் கண் மறைத்தது. சொந்த மகன் என்ற சொல்லில் அப்படியே நின்றுவிட்டான். கையில் தோசைத்திருப்பி இருக்கிறது, பின்னால் அடுப்பு இருக்கிறது, எதுவும் நினைவில்லை.

பெரியவர் தலையை லேசாகத் தூக்கினார். பேக்கரியில் தூக்குவாரே, அந்த மாதிரி. நெற்றியைச் சுருக்கினார். அப்புறம் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல் கிளம்பியது.

"டேய்! அடுப்புல என்னத்தடா வச்சே? கருகுது பாரு! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? ஓடுடா, கல்லை இறக்கு!"

மாப்பிள்ளை திரும்பினான். கல்லிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. அடுப்படியைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரிகிற அளவு புகைகூட இல்லை அது. பாய்ந்து அணைத்தான். கல்லை இறக்கினான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. கல்லைப் பிடித்த கை அப்படியே நின்றது.

வெளியே அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலையேப்பா" என்றாள், அழுது அழுது அடைத்துக்கொண்ட மூக்கோடு. "என்ன கருகுது? உங்களுக்கு எப்படி..."

பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அடுப்படிக்கு வந்தார். மாப்பிள்ளையைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். ஒரு பக்கம் கரியாகிக் கிடந்த புரிட்டோவைக் கையில் எடுத்தார், சுடுகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"கோதுமை" என்றார். "கோதுமை கருகுற வாசனை. இதுதான். இதேதான்." அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிறகு திடீரென்று நினைவு வந்தவராகத் திடுக்கிட்டார். "ஐயையோ, மாப்ளே, மன்னிச்சுக்குங்க. வாய் தவறி டேய்னு... ஏதோ ஞாபகத்துல..."

"மாமா, நல்லா இருப்பீங்க, அதை மட்டும் திருப்பி எடுத்துக்காதீங்க" என்றான் மாப்பிள்ளை. அழுதுகொண்டே சிரித்தான். "எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்."

பெரியவர் அவனைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். புரிந்தது அவருக்கு. பிறகு அடுப்படி வாசலில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் பக்கம் திரும்பினார்.

"நீ லீவு முடிஞ்சதும் ஒழுங்கா கிளம்பிப் போய்ப் படிப்பை முடி. எனக்குச் சமைச்சுப் போட இங்க ஆள் இருக்கான். சமைக்கத் தெரியாது, கல்லுல வச்சதைக் கவனிக்கத் தெரியாது, ஆனா இருக்கான்."

அவள் சிரித்தாள். பெரியவர் மறுபடி அந்தக் கரிந்ததை மூக்கில் வைத்தார். உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார். முகம் மாறியது.

"போயிடுச்சு" என்றார், குழந்தை மாதிரி. "இப்பத் தெரியல. வந்துட்டுப் போயிடுச்சு."

பெரியவர் கல்லைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மேடையில் அடுக்கி வைத்திருந்த மற்ற புரிட்டோக்களைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே?" என்றார். "இன்னொண்ணை வச்சுக் கருக்கு."

மாப்பிள்ளை அடுப்பைப் பற்றவைத்தான்.